தாத்தாவுக்குத் தாடி

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. வாசலைக் கூட்டக் கூட்ட மணல். தரம் பத்துக் கணித விடைத்தாள்கள் மேசையில் அப்படியே. ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து வைத்தவர் யார் என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் ஊமை.

தம்பி ரிப்கானின் நாவலுக்குச் சென்னையிலிருந்து அட்டைப்படம் வந்திருக்கிறது. போனை நீட்டியபடி குசினிக்குள் வந்தான். முகம் சரியில்லை.

பார்த்தேன். வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர். தோளில் ஒரு காகம்.

"இது ஆருடா?"

"தாத்தாவும் காக்காவும்."

யா அல்லாஹ். நமக்குத் தாத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன். கடலைத் தாண்டியதும் அவள் கிழவனாகிவிட்டாள், அவன் பறவையாகிவிட்டான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தாடியில் பின்னல்! அத். 3இல் "தாத்தா பின்னலை முடிந்துகொண்டார்" என்று வருகிறது. ஓவியரைக் குறை சொல்ல முடியாது. கவனமாகத்தான் வாசித்திருக்கிறார், பாவம்.

உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல நூரான முகம். பள்ளிவாசல் ஆலிம்சாவா?" என்றார்.

ஜூலை 9, புதன்

வெயில். பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டு பேர் வரவில்லை, அவர்களுடைய வகுப்பும் என் தலையில்.

தாத்தா எப்படிக் கிழவனானாள் என்று தெரிந்தது. நாவல் முழுக்க "தாத்தா சொன்னார், தாத்தா போனார்" என்றே எழுதியிருக்கிறான் ரிப்கான். எழுத்துப்பிழை மட்டும் பார்த்த என் கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை, நம் காதுக்கு அது சரிதானே.

"ஏன்டா 'சொன்னார்'?"

"பின்ன? தாத்தாவப் போய் அவள் இவள் எண்டு எழுதுறதா?"

மரியாதை! மரியாதை கொடுத்தே தாடி வளர்த்துவிட்டிருக்கிறான்.

மாலை பதிப்பகத்துக்காரர் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டான். "தம்பி, அந்தத் தாத்தா கேரக்டர் அப்படியே இருக்கட்டுமே. பேரனுக்கு வழிகாட்டுற பெரியவர், நல்லா வொர்க் ஆகுது. ஹீரோ பையன்தானே? ஒண்ணு ரெண்டு எடத்துல 'மகள்'னு வருது, அத மட்டும் மாத்திக் குடுங்க. இல்ல, பொண்ணுதான்னா 'அக்கா சொன்னாள்'னு மொத்தமா மாத்துங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

ரி.: "பெரியவராவே இரிக்கட்டும் சேர்."

சேராம் சாராம்! எனக்கு வந்த கோபத்தில் சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் கைப்பிடி கழன்றுவிட்டது.

ஹீரோ பையனாம். கதை இதுதான்: ஒரு காலை கடல் எழும்பி எங்கேயோ போய்விடுகிறது. அதைத் திருப்பிக் கூட்டிவர அமான் புறப்படுகிறான். தனியாக விடாதே என்று அவனுடைய உம்மா சொன்னதால் தாத்தாவும் ஒரு சோற்றுச் சட்டியோடு பின்னால் போகிறாள். அமான் என்ன கிழித்தான்? கிணற்றில் விழுந்தான், ஜின்னிடம் பிடிபட்டான், பெரிய பேச்சுப் பேசினான். தாத்தா செய்தவை:

— வற்றிய கடலில் வழி கண்டுபிடித்தது.
— வாய் ஓயாமல் ஏசும் அந்த ஜின்னின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது. (அமான் மயங்கிக் கிடக்கிறான்.)
— பயந்து ஓடிய அமானின் காக்காவைத் தேடிப் பிடித்து, ஒரு சொல் கேட்காமல் சோறு போட்டது. நானென்றால் கேட்டிருப்பேன்.
— கடலைக் கூப்பிட்டது.

அந்தக் கடைசி இடம். வாள் இல்லை, மந்திரம் இல்லை. மஃரிபுக்கு முன்னால் தெருவில் விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுவது போல, "இருட்டப் போகுது, ஊட்ட வா" என்கிறாள். கடல் வருகிறது. முதல் தடவை வாசித்தபோது சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு அந்த வரியைத் திரும்ப வாசித்தேன்.

பிறகு ஊரே அமானைத் தோளில் தூக்குகிறது. தாத்தா அடுப்பைப் பார்க்கப் போகிறாள். என்ன எழுதியிருக்கிறோம் என்று எழுதியவனுக்கே தெரியவில்லை!

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமிப் போயா விடுமுறை, பள்ளி இல்லை. விடைத்தாள்கள் பாதி முடிந்தன. வாப்பா சவளக்கடை வயலில், அறுவடை மெசின் வரவில்லையாம்.

உம்மா மீன் வெட்டும்போது பக்கத்தில் இருந்து நாவலைக் கடைசி வரை வாசித்துக் காட்டினேன். ஒருவராவது அவளைக் கண்டுகொள்ளட்டும் என்றுதான்.

"அமான் கெட்டிக்காரன்" என்றார் உம்மா.

எழும்பிப் போகப் பார்த்தேன்.

"அது சரி மகள், அந்தப் புள்ள எப்ப தின்ன?"

"எந்தப் புள்ள?"

"தாத்தாக்காரி. எல்லாருக்கும் ஆக்கிக் குடுக்காளே. அவ தின்னதக் காணல்லியே."

திரும்பப் புரட்டினேன். உண்மை. அமான் தின்கிறான், காக்கா தின்கிறான், ஜின் கூட மூன்றாம் தரம் கேட்டு வாங்கித் தின்கிறது. அவள் ஒரு பிடி சோறு தின்னவில்லை.

பகல் ரி. சாப்பிட வந்ததும் சொன்னேன். "அது கதைக்குத் தேவல்ல தாத்தா" என்றான், மீனின் நடுத்துண்டைப் பிய்த்தபடி. நடுத்துண்டை அவனுக்கு வைத்தது நான்தான். எப்போதும் அப்படித்தான். என்னைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 12, சனி

காற்று குறைந்திருக்கிறது. கரண்ட் இல்லை. சண்டை.

நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்டேன். தாத்தா கிழவனாகவே இருக்கட்டுமாம், அதுதான் லேசாம். 'அக்கா'வும் வேண்டாமாம், அது நம்முடைய சொல் இல்லையாம்.

"அப்ப 'தாத்தா சொன்னாள்' எண்டு மாத்து."

"ள் போடக் கை வருதில்ல."

"நான் சொல்றன். என்னய அவள் எண்டு எழுதுடா, நான் கோவிக்க மாட்டன்."

நிமிர்ந்து பார்த்தான். "அது நீங்க எண்டு ஆர் சொன்ன?"

நானும் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. வாய் தவறிவிட்டது. முகம் எரிந்தது.

"அந்த ஜின்தான் நீங்க" என்றான்.

உள்ளே உம்மா சிரிக்கிறார்!

"ஜின்னாவே இரிந்துட்டுப் போறன்" என்றேன். "நான் ஆரா இரிந்தா என்ன? கடலக் கூப்பிட்டவ அவள். அவளக் கிழவனாக்காத. ஒனக்கு அவளத் தெரியல்ல. எனக்குத் தெரியும்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. நான் எடுத்து மூடி வைக்கவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

விடைத்தாள்கள் முடிந்தன. வெளியே சலவைக் கொடி அறுந்து உடுப்பெல்லாம் மண்.

ரி. கண் சிவக்க உட்கார்ந்திருக்கிறான், இரவு தூங்கவில்லை போலும். என் போனுக்கு அவனிடமிருந்து இரண்டு வந்தன. ஒன்று பதிப்பகத்துக்கு அனுப்பிய செய்தியின் படம்: "தாத்தா எங்கள் ஊர்ச் சொல். மூத்த சகோதரி. சொல்லை மாற்ற மாட்டேன். தாடியை மாற்றுங்கள்." மற்றது, திருத்திய நாவல்.

திறந்தேன். முதற் பக்கம்: "தாத்தா சொன்னாள்."

சுருக்கென்றது. யார் இவன், என்னை 'ள்' போட? தொட்டிலில் ஆட்டி வளர்த்தவளை! கேட்டு வாங்கியதும் நான், கோவிக்க மாட்டேன் என்றதும் நான். என்ன மனசோ. பக்கத்துக்குப் பக்கம் ள், ள், ள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

கடைசி அத்தியாயம். கடல் வருகிறது. அமானைத் தூக்குகிறார்கள். தாத்தா அடுப்படிக்குப் போகிறாள். அதற்குப் பிறகு முன்பு இல்லாத வரிகள்:

"வெளியே ஊர் கத்திக்கொண்டிருந்தது. தாத்தா ஒரு பீங்கானை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் தனக்குச் சோறு போட்டாள். மீனின் நடுத்துண்டைத் தானே எடுத்தாள். கடல் வாசலில் காத்து நின்றது. தாத்தா சாப்பிட்டாள்."

இந்த 'ள்' குத்தவில்லை.

மீன்காரரின் ஹோர்ன் கேட்கிறது. இன்று பாரை மீன் வாங்கப் போகிறேன். நடுத்துண்டு எனக்கு.