அரை லிட்டர் லிக்விட்

கோட்டைமேடு, கோவை
12.9.1996

அன்பு மகள் நிலோஃபருக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நல்லபடி இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா மௌத்தானதைத் தம்பி தாரிக் போனில் சொன்னான். கடைசி நாட்களைச் சொல்லியிருக்க மாட்டான், அதை நான்தான் சொல்ல வேண்டும்.

கிட்னி இரண்டும் பழுதான பிறகு, ஒரு நாளைக்கு அரை லிட்டர் லிக்விட்தான் என்றார் டாக்டர். லிக்விட் என்றால் தண்ணீர் என்று நினைத்து டீயும் ரசமும் தனியாகக் கொடுத்துவந்தேன், கால் வீங்கி மூச்சு முட்டியது. அப்புறம் நர்ஸ்தான் உட்காரவைத்து, "ஊத்துனா ஓடுறது எல்லாமே லிக்விட்டுங்க பாய். மோரு, கஞ்சி, பாயசம், மாத்திரை முழுங்குற தண்ணி, ஐஸ் கட்டியுங்கூட" என்று விளக்கினாள். அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டேன் கண்ணு. மருந்து மூடியில் அளந்து கொடுத்தேன். தண்ணீர்க் குடத்தைச் சமையலறையில் வைத்துப் பூட்டினேன். ஒருநாள் குளியலறைக் குழாயில் கையேந்திக் குடித்தாள், அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவள் அழவில்லை. "நோம்புன்னா அந்தியில மஹ்ரிபு பாங்குக்குத் தொறக்கலாமுங்க. இதுக்கு எப்பங்க மஹ்ரிபு?" என்று மட்டும் கேட்டாள்.

போன புதன்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி லிக்விட் அளவு பார்க்க வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்றார். குணமாகிவிட்டது என்றே நினைத்துச் சிரித்துக்கொண்டு தாரிக்கிடம் சொன்னேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஓடிப்போய் இளநீர் வாங்கிவந்தேன். பாதி குடித்துவிட்டு, "நீங்களுங் குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மீதியை நீட்டினாள். மறுநாள் மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னே போய்விட்டாள்.

அளந்து கொடுத்ததால்தான் இத்தனை மாதம் இருந்தாள் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்த ஈரக் கைதான் கண்ணில் நிற்கிறது. கண்டிப்பாக இருங்கள் அத்தா என்று நீ போனில் சொன்னதை நினைத்து அழாதே, அக்கறையில் சொன்னாய், கை என்னுடையது.

எட்டு மாத வயிற்றோடு விமானம் ஏற வேண்டாம், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சுகப்பிரசவம் ஆக ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது பழக்கத்தில் அம்மாவிடம் கொடுங்கள் என்று கேட்டுவிட்டால் சங்கடப்படாதே. நேற்று உன் மாமியார் போன் வந்தபோது நானும், "சித்திகா, போன் உனக்குத்தான்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டுப்போட்டேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
அக்பர் அலி