படிவத்தின் ஏழாவது கேள்வி

ஏப்ரல் 14
காலையிலிருந்து மழை. பேஸ்பால் மைதானத்தில் பந்தெறியும் மேட்டில் தண்ணீர். மூடும் தார்ப்பாய் இரண்டு இடத்தில் கிழிசல். வாங்க வேண்டியவை: தார்ப்பாய், பந்து இரண்டு பெட்டி, என் தோளுக்குப் பூச்சு மருந்து.

எங்கள் பந்தெறியாளன் நிரோஷனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து கடிதம். ஆகஸ்டில் வரச் சொல்கிறார்கள். கல்லூரியில் பேஸ்பால் ஆடுபவர்களுக்கு அங்கே இப்போது சம்பளமே உண்டு. அங்கே தொழில்முறையில் மூன்று பருவம் பந்தெறிந்த எனக்குக் கிடைத்ததைவிட அதிகம். எங்கள் பல்கலைக்கழக அணியில் காலுறைகூட அவரவர் செலவு.

பயிற்சியாளர் என்று நான் நிரப்ப ஒரு படிவம். ஏழாவது கேள்வி: எறியும் கையில் வலி உண்டா?

"கெதியா அனுப்புங்கோ அண்ணை. திங்கள்தான் கடைசி நாள்."

வயது பத்தொன்பது. பிறந்தது இங்கே பிராங்பேர்ட்டில், பேச்சு மன்னார்.

ஏப்ரல் 16
வெயில், காற்று. நிரோஷன் நாற்பது பந்து. வேகம் சரி. ஆனால் எதிரே பந்து பிடிக்கும் கேட்சர், முழங்கையை முறுக்கி எறியும் வளைபந்தைக் கேட்டு விரல் காட்டும்போதெல்லாம் தலையாட்டி மறுக்கிறான். அவனுடைய சிறந்த பந்தே அதுதான்.

"கை எப்பிடி?"

"ஒண்டுமில்லை அண்ணை. கிழவன் மாதிரி யோசிக்கிறியள்."

எனக்கு இருபத்தொன்பது.

ஒன்றுமில்லை. நானும் ஆங்கிலத்தில் இதையே சொல்லிக்கொண்டு ஒரு முழுப் பருவம் எறிந்தேன். தோள் போனது. செப்டம்பரில் திரும்பிப் போக விமானச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 17
எஸ்-பான் ரயிலில் நிரோஷனின் அம்மா, மேரி அன்ரி. விமான நிலையச் சமையலறையில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நீங்கள் சொன்னால்தான் கேப்பான். இப்ப சோறு இடக்கையாலை தின்னுறான், கரண்டி போட்டு. இவர் கோவிச்சுக்கொண்டு மேசையை விட்டு எழும்பிப் போட்டார். அமெரிக்கா போக முன்னமே வெள்ளைக்காரன் ஆகிட்டான்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

வலது முழங்கை வாய்வரை மடங்கவில்லை. அதுதான். அவருக்குத் தெரியாது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போய்விட்டேன்.

ஏப்ரல் 18
நிரோஷனை மற்றவர்களுக்கு முன்பே வரச் சொல்லிக் கேட்டேன். மூன்று வாரமாக வலியாம்.

"முதல்லை டொக்டரிட்டைக் காட்டுவம்."

"டொக்டரைப் பாக்க டெர்மின் கிடைக்க ஜூன் ஆகும். இல்லை எண்டு எழுதுங்கோ."

"அங்கை போய்க் கை போனால்? முந்தி நாலு வருசம் வைச்சிருப்பாங்கள். இப்ப வருசத்துக்கு வருசம் ஆள் வாங்கிறாங்கள். உன்ரை இடத்திலை அடுத்த வருசம் வேறை ஒருத்தன்."

"நீங்கள் மறைச்சுத்தானே எறிஞ்சனீங்கள்?"

"ஓம்."

"அப்ப எனக்கும் அந்த ஒரு வருசத்தைத் தாங்கோவன்."



ஏப்ரல் 20
மேகமூட்டம். மூன்று தேநீர். படிவம் திறந்தபடி.

போகாவிட்டால் என் அணியில் இருப்பான். எனக்கு வசதி. எனக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைக்கிறது. அதுவும் உள்ளே எங்கோ இருக்கிறதா? இருக்கிறது. எவ்வளவு என்று தெரியவில்லை.

'ஆம். முழங்கை. மூன்று வாரமாக.'

அனுப்பிய பிறகுதான் அவனுக்குச் சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்.

ஏப்ரல் 22
கல்லூரியின் பதில், இரண்டு வரி. அவன் இடத்துக்கு வேறொரு கல்லூரியிலிருந்து ஒருவனை எடுத்துவிட்டார்கள். வாழ்த்துகளாம்.

நிரோஷன் பயிற்சிக்கு வரவில்லை. கேட்சர் பந்தைச் சுவரில் எறிந்து தானே பிடித்துக்கொண்டிருந்தான்.

மே 5
குளிர் திரும்பியிருக்கிறது. யாரோ வேண்டாமென்று விட்ட டெர்மின் ஒன்றில் நிரோஷனின் முழங்கையை ஸ்கேன் எடுத்துவிட்டார்களாம். மாலையில் மேரி அன்ரியின் அழைப்பு.

"கிழிவு ஒண்டும் இல்லையாம் தம்பி! சும்மா வீக்கமாம். நாலு கிழமை எறியாமல் இருந்தால் சுகமாம். மாதா காப்பாத்திப்போட்டா."

நாலு கிழமை. ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று மாதம்.

"அமெரிக்கா என்ன அமெரிக்கா. பிள்ளை எங்களோடை நிக்கட்டும். நீங்கள் உள்ளதை எழுதினபடியால்தானே கை தப்பினது. பெரிய நன்றி தம்பி."

நல்லது அன்ரி என்றேன். அவருக்குப் பின்னால் நிரோஷனின் குரல், மெதுவாக.

"போனை வையுங்கோ அம்மா."