இடது கைப் பெருவிரல்

என் கண்ணான மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்களாமே, அதனால்தான் இந்தக் காகிதம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிக் குழாய் ஒழுகுகிறது. "இதோ வர்றேன்"னு சொன்ன குழாய்க்காரர் மூன்று நாளாக வந்துகொண்டே இருக்கிறார்.

குத்துச்சண்டைத் தகுதிப் போட்டியை டிவியில் பார்த்தோம். கடைசிச் சுற்றில் நீ இடது கையை வீசவே இல்லை. வர்ணனை செய்தவர், "பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த தந்திரம்"னு ஆகா ஓகோவென்று புகழ்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது. வலி என் மகளுக்கு, பேர் அந்த மனுஷனுக்கா?

மூன்று முறை பட்டம் வாங்கினாய். மூன்று முறையும் பேட்டியில், "எங்க சார் எனக்கு அப்பா மாதிரி" என்றாய். மாதிரி எதற்கம்மா? அசல் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேனே. மூன்றாம் முறை எழுந்துபோய் டிவியை அணைத்தேன். அம்மா மறுபடி போட்டாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எதுவும் மறக்காது. ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் மாவுக்கட்டுப் போட்ட கை இது. உன் முதல் பெரிய போட்டிக்கு நான்தான் உன் கையில் துணி சுற்றிக் கட்டினேன். நோகக்கூடாதென்று விரல் முட்டிகள் மேல் ஒட்டுப் பிளாஸ்டரை நாலு சுற்றுச் சுற்றினேன். போட்டி விதிப்படி அங்கே ஒட்டக்கூடாதாம். சோதிக்க வந்த அம்மாள் எல்லார் முன்னாலும் பிரித்துப் போட்டு, "யாருங்க இந்தக் கட்டுக் கட்டினது?" என்றார். நீ தரையைப் பார்த்தாய். உன் சார் முட்டி போட்டு உட்கார்ந்து, புதுத் துணி சுற்றினார். அதன் பிறகு போட்டிக்குக் கட்ட நீ என்னிடம் கை நீட்டவே இல்லை.

இந்த இடத்தில் அம்மா பேனாவை வைத்துவிட்டாள். "பொறாமைன்னு ஒரே வார்த்தைல முடிஞ்சிடும். எதுக்கு ரெண்டு பக்கம்?" என்கிறாள். அதையும் எழுது என்றேன்.

சரி, பொறாமைதான். பதினைந்து வயதில் உன் இடது பெருவிரல் முறிந்தது நம் மூவருக்குத்தான் தெரியும். அணியில் பேர் போய்விடுமென்று அழுதாய். நானே கட்டுப் போட்டு, சாரிடம் காய்ச்சல் என்றேன். அன்று மறைத்தது உனக்காக. இத்தனை வருஷம் மறைத்தது எனக்காக. அவருக்குத் தெரியாத ஒன்றாவது என்னிடம் இருக்கட்டுமே என்று.

அந்த எலும்பு கோணலாகத்தான் கூடியது. இன்னொரு தரம் முறிந்தால் கை கையாக இருக்காது. இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. டாக்டர் படம் எடுத்துப் பார்க்கட்டும். இறங்க வேண்டாம் என்றால் இறங்காதே, என்னைத் திட்டிக்கொள்.

இறங்கலாம் என்றால், உன் சார் இப்படிக் கட்டணும்: மணிக்கட்டில் மூன்று சுற்று. விரலை உள்ளங்கைப் பக்கம் லேசாகச் சாய்த்து, அடியில் குறுக்காக இரண்டு. நீ மூச்சை விட்ட பிறகுதான் துணியை இழுக்கணும். அவர் கை என் கையைவிட நிதானம். அன்றைக்கே பார்த்தேன்.

நோவில்லாமல் இரு, கண்ணு. நடுவர் உன் கையை உயர்த்தினால் முதலில் அவரையே பார். அப்புறம் ஒரு நொடி கேமராவைப் பார். நான் இந்தப் பக்கம் இருப்பேன்.

உன் அப்பா