பூட்டி வைத்த கருப்பட்டி

2024 ஜூன் 10, திங்கட்கிழமை, மாலை 6.40
குறிப்பு 1: கிளினிக்

காலையிலிருந்து மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆறு ஒரே கலங்கல். குடை பஸ்ஸில் போயிற்று (பழையது, கைப்பிடி முன்பே ஆட்டம்).

மனைவி சரோஜாவின் அறுவைக் காயம் ஆறிவிட்டது. எடைதான் குறைவு. அவளுடைய பெருங்குடலிலிருந்து கட்டியை அகற்றிய டாக்டரின் சொல்: இன்னும் மெலிந்தால் மருந்தேற்றுவது தள்ளிப்போகும், நன்றாகச் சாப்பிட வேண்டும்.

அங்கே துஷ்யந்தி என்றொரு ஆய்வு மாணவி. யாழ்ப்பாணத்துப் பெண். அகற்றிய கட்டியில் சிறு துண்டை ஆய்வுக்கு எடுக்கச் சம்மதம் கேட்டு, பத்திரத்தையும் தன் தொலைபேசி எண்ணையும் தந்தார். புற்றுநோய்க் கலங்களில் (செல்களில்), புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் மாறிவிடுகின்றனவாம்.

சர்க்கரை. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் கித்துள் மரத்துக் கருப்பட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, மாலை 4.30
குறிப்பு 2: பிளேன்டீ

கருப்பட்டி கடிக்காமல் சரோஜா பாலில்லாத பிளேன்டீ குடித்ததே இல்லை. இன்று இரண்டு மிடறு, மீதி ஆறிப்போயிற்று. பகல் சோறும் பெயருக்கு.

"எறும்புக்குப் பயந்து பூட்டுனீங்களா, எனக்குப் பயந்தா?"

"இந்த நோய்க்கு இனிப்பு ஆகாது."

"யாரு சொன்னா? டாக்டரா, நீங்களா?"

கலியாணமான நாள் முதல், மாலைதோறும் கத்தியின் முதுகால் கருப்பட்டியை உடைத்து அவள் கோப்பைத் தட்டில் வைப்பவன் நான். அதை எப்படிச் சொல்வது.

2024 ஜூன் 13, வியாழக்கிழமை, மாலை 5.10
குறிப்பு 3: தொலைபேசி

நேற்றும் கஞ்சியோடு சரி. காலையில் துஷ்யந்தியை அழைத்தேன். கேள்விகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தும், கடைசிக் கேள்வியே முதலில் வந்தது: நான் கொடுத்த கருப்பட்டியால் வந்ததா? பூட்டியதையும் சொன்னேன்.

"ஐயோ அங்கிள்! இது தேத்தண்ணிக்குப் போடுற சீனி இல்லை. ஒவ்வொரு கலமும் தன்ர புரதத்துக்குத் தானே கட்டுற சங்கிலி. புற்றுக் கலம் அதைக் குறையில விட்டுடும், இல்லாட்டி வேற மாதிரிக் கட்டிடும். அன்ரி கருப்பட்டி கடிச்சதால மாறினதில்லை."

"நிச்சயமாகவா?"

"ஓம். டொக்டர் இனிப்பு வேண்டாமெண்டவரோ?"

"இல்லை. சாப்பிடத்தான் சொன்னார்."

"அப்ப சாவியை அன்ரியிட்டக் குடுங்கோ."

மாலை, உடைத்தேன். வழக்கத்தைவிடப் பெரிய துண்டு. சரோஜா அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நீங்க ஒடச்சுக் குடுத்துத்தான் வந்துச்சோன்னு பயந்துட்டீங்க, என்ன?"

தலையாட்டினேன்.

"லூசு மனுசன்."

இன்னொரு கோப்பை கேட்டாள். சம்மதப் பத்திரத்திலும் ஒப்பமிட்டாள். "வெட்டிப்போட்டதுதானே. அந்தப் புள்ள பாக்கட்டும்."

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 8.05
குறிப்பு 4: தபால்

மழை இல்லை. காலையில் இரண்டு இட்லி, மூன்றாவது பாதி. துஷ்யந்திக்கு எழுதிய கடிதத்துடன் இணைத்தவை:

(அ) சம்மதப் பத்திரம்.
(ஆ) முத்திரை ஒட்டி, என் முகவரியிட்ட உறை. (தனி ஆளுக்கு முடிவு அனுப்புவதில்லை என்றார். இருந்தாலும்.)
(இ) கித்துள் கருப்பட்டி, ஒரு துண்டு. எறும்பு கருதி எண்ணெய்த்தாள் இரட்டையாக. சரோஜாவின் உத்தரவு. உடைத்தது நான்.