ஷஃபீனா சொன்ன படக்கதை

ஷார்ஜா,
3.3.2017

அன்புள்ள ஷஃபீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். அறையில் ஏழு பேர் கேட்க ஃபோனில் பேச மாட்டேன், எதுவானாலும் எழுதுங்கள் என்று கோபித்துக்கொண்டாய். இதோ எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் எல்லோரும் படம் பார்த்தோம். என் அறையில் இருக்கும் அஸ்ஃபாக் டிவிடி வாங்கி வந்திருந்தான். பார்த்தால், கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டு மாடியில் நாம் பார்த்த அதே கௌபாய் படம்! புது ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அன்று இங்கிலீஷில் ஓடியது. கான்வென்டில் படித்த நீ வரிக்கு வரி சொன்னாய். இதில் தமிழிலேயே பேசுகிறார்கள்.

ஆனால் முடிவைக் கெடுத்துவிட்டார்கள். மாடு ஓட்டிப் போனவன் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். மனைவி போயே போய்விட்டாளாம். பழைய படத்தில் அவள் உம்மா வீட்டுக்குத்தானே போயிருந்தாள்? பழையதிலும் இதுதான் முடிவு என்று அஸ்ஃபாக் சாதிக்கிறான். ஊருக்கு வரும் தமீம் அன்சாரியிடம் டிவிடியைக் கொடுத்தனுப்புகிறேன். பார்த்துவிட்டு நீயே சொல்.

பெருநாளைக்கு வர முடியாது போலிருக்கிறது. சின்னத் தங்கை வீட்டுக்கு மேல்தளம் போடாமல் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க மாட்டார்கள். கோபப்படாதே.

துஆவுடன்,
அஜ்மீர்

*

காரைக்கால்,
9.4.2017

அன்பு மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

டிவிடி கிடைத்தது, பார்த்தேன். அஸ்ஃபாக் சொன்னதுதான் சரி. பழைய படத்திலும் அவள் திரும்பி வரவில்லை. நான்தான் பொய் சொன்னேன்.

கல்யாணத்துக்கு வந்தபோது உங்களுக்கு நாற்பது நாள் லீவு. அதில் நான்கு நாள்தான் பாக்கி இருந்தது. படத்தில் அவள் வாசலில் நின்று, நீ போனால் நான் இங்கே இருக்க மாட்டேன் என்று புருஷனிடம் சொன்னாள். நீங்கள் என் கையைப் பிடித்து, "என்ன சொல்றா?" என்றீர்கள். "சீக்கிரம் வந்துடுங்கங்குறா" என்றேன். முகமெல்லாம் பூரித்து, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னீர்கள். கடைசியில் வீடு காலியாகக் கிடந்தபோது, உம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சமாளித்தேன். புதுப்பெண்ணுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

எட்டு வருஷமாக அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். கரு கலைந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வரவில்லை. வாப்பா மௌத்துக்கும் வரவில்லை. பெரிய தங்கை வீடு என்றீர்கள், முடிந்தது. இப்போது சின்னவள் வீடு. நம் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடக்காது, எனக்குத் தெரியாதா? அதற்காக என் வயது நிற்குமா? முப்பத்திரண்டு ஆகிறது, மச்சான்.

இப்போது பொய்யில்லாமல் சொல்கிறேன். பெருநாளைக்கு வாருங்கள். லீவில் அல்ல, ஒரேயடியாக. வராவிட்டால் நான் காத்திருக்க மாட்டேன்.

உங்கள்
ஷஃபீனா

*

ஷார்ஜா,
19.5.2017

கோபக்கார ஷஃபீனாவுக்கு, ஸலாம்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. பழைய படத்தில் அவள் உம்மா வீட்டுக்குத்தான் போயிருந்தாள், உனக்குத்தான் தெரியாது என்று அஸ்ஃபாக்கிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். நீ அன்று சொன்ன கதையே எனக்குப் போதும்.

மேல்தளத்துக்குக் கம்பி கட்டிவிட்டார்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தால் உம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? இன்னும் ஒரே வருஷம். இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு இது பெரிதா? நீ அப்படியெல்லாம் போகிறவள் இல்லை. பெருநாளைக்கு அபாயா அனுப்புகிறேன், கையில் நீ கேட்ட வேலைப்பாட்டோடு.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம்.

அஜ்மீர்

*

காரைக்கால்,
14.7.2017

அஜ்மீர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரம் பார்த்தேன். திங்கட்கிழமை ஜமாஅத்தில் குலா கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரிவதற்கு உங்கள் சம்மதம் கேட்டு அவர்களிடமிருந்து கடிதம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

உம்மா அழுதார்கள், நானும் அழுதேன். உங்களை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன்.

படத்தில் அவள் வண்டியேறிப் போகிறாள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. இது உம்மா எனக்குக் கொடுத்த வீடு, நான் இங்கேதான் இருப்பேன். உங்கள் துணிமணிகள், கல்யாணக் கோட்டு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி, திருமலைராயன்பட்டினத்துக்கு, உங்கள் உம்மாவும் இருக்கிற பெரிய தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் வைக்கத் தோதுப்படாது என்றாள். சின்னவளின் புது வீட்டிலாவது வைக்கட்டுமே என்று உங்கள் உம்மாவிடம் கேட்டேன். அது வரப்போகிற மாப்பிள்ளைக்கான வீடு, முதல் சாமான் இதுவாக இருந்தால் நன்றாக இருக்குமா என்றார்கள்.

பெட்டி திரும்ப வந்துவிட்டது. எங்கே அனுப்புவது என்று எழுதுங்கள்.

ஷஃபீனா