வெறும் தாளும் ஒரு கவரும்

கொல்லயில்,
பாறசாலை,
12-3-1999

அன்பு மகள் லேகாவுக்கு,

உன் மாமன் கிருஷ்ணன்குட்டி எழுதுவது. இங்கே நானும் மாமியும் சுகம். அமெரிக்கக் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் சளி பிடிக்கக்கூடாது என்று நெய்யாற்றின்கரை கோயில் கிருஷ்ணசாமியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என் பேச்சைத் தட்டுவதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. நீ இன்டர்நெட்டில் கடை போடுகிறாய். முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கு வேண்டிய சாமான்களை ஒரே பையில் போட்டு விற்கப் போகிறாய். அங்கே இருக்கிற பிள்ளைகள், ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கும் கல்ஃபுக்குப் போகிற தம்பிமார்க்கும் ஆர்டர் கொடுப்பார்கள். பையைத் தைத்து, நிரப்பி, தபாலில் சேர்ப்பது மாமன் பொறுப்பு. சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். நான் விமானத்தில் ஏறியதில்லையே தவிர, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் எனக்குத் தெரியாத தூண் கிடையாது. ஒரு தடவை பைலட்டே இறங்கி வந்து, ‘அண்ணா, இன்னைக்கு காத்து எப்பிடி?’ என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

வேலை தொடங்கிவிட்டேன். பன்னிரண்டு தையல் மெஷின், பன்னிரண்டு பெண்கள், மாமி சூப்பர்வைசர். கழுத்தில் தொங்கவிட ஒரு பாஸ்போர்ட் உறை, பெட்டியை அடையாளம் காணச் சிவப்புத் துணி, இரண்டு சாவியோடு சின்னப் பூட்டு, காதுக்குப் பஞ்சு, குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய், முகம் துடைக்க ஒரு தோர்த்து, ஃபாரம் எழுத ஒரு பேனா. கடைசியில் நானே யோசித்துச் சேர்த்தது ஒன்று உண்டு: வெறும் தாளும் ஒரு கவரும். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு எழுத வேண்டுமல்லவா? எழுதாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

மகன் மனு ஷார்ஜாவில் சுகம். அவன் கையெழுத்து இல்லாமல் அந்தக் கம்பெனியில் ஓர் ஆணி வாங்க முடியாது. மானேஜர் என்றால் சும்மாவா?

இப்படிக்கு,
கிருஷ்ணன்குட்டி,
இந்தியா மானேஜிங் டைரக்டர்


எடிசன், நியூஜெர்சி,
25-4-1999

பிரியமுள்ள மாமாவுக்கு,

லேகா எழுதுவது. மாதிரிப் பை வந்தது. போட்டோ எடுத்துக் கடையில் போட்டோம். முதல் மாதமே இருபத்திரண்டு ஆர்டர். முகவரிகளைப் பாறசாலையில் ராபின்சனின் டெலிபோன் பூத்துக்கு ஃபேக்ஸ் செய்திருக்கிறேன். தாளும் கவரும் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ‘இது யார் யோசனை?’ என்று ஒருவர் கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

பன்னிரண்டு மெஷினில் பதினொன்றைக் கழித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். ஓரத்தில் இரட்டைத் தையல் போடுகிற கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? மாமியின் கண்ணைக் கெடுத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு நான்கு பை போதும்.

மனு அண்ணனின் முகவரி கேட்டு இது மூன்றாவது கடிதம். இவருடைய நண்பர் ஒருவர் ஷார்ஜாவுக்குப் போகிறார். எட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
லேகா


கொல்லயில்,
8-7-1999

அன்பு மகள் லேகாவுக்கு,

ஐம்பது பை தாண்டிவிட்டது. பாறசாலை போஸ்ட் ஆபீசில் எனக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நமக்கு வருகிற தபாலும் கொஞ்சமல்ல. குவைத், மஸ்கட், தமாம் என்று ஸ்டாம்புகள். போஸ்ட்மேன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அண்ணா, எல்லாம் ராஜாக்கமாரு கடிதாசாக்கும் போல!’ என்றான். ‘பையைப் பற்றி அபிப்பிராயம் எழுதுகிறார்கள்’ என்றேன். அவனும் நம்பினான்.

மனுவின் முகவரி கேட்டிருந்தாய். கம்பெனி அவனை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறது. இன்னும் பெரிய பொறுப்பு. புது முகவரி வந்ததும் முதல் வேலையாக உனக்கு அனுப்புகிறேன். இங்கே கிளப்காரர்கள், அவன் ஊருக்கு வரும்போது கொடுக்கிற வரவேற்புக்குத் தேதி சொல்லுங்கள் என்று என் உயிரை எடுக்கிறார்கள்.

மாமிக்குச் சுகம். மாதம் ஒரு தடவை மனுவின் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைக்கிறாள். பூச்சி அரித்துவிடக் கூடாது என்றுதான். வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
கிருஷ்ணன்குட்டி, மா.டை.


எடிசன்,
20-8-1999

மாமா,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். பொழியூர்க்காரர் மார்கிரெட் என்று ஒரு நர்ஸ் இங்கே இருக்கிறார். தன் அண்ணன் மகன் சிஜோ வேலைக்காக ஓமானில் உள்ள சலாலாவுக்குப் புறப்பட்டபோது நம் பையைத்தான் வாங்கிக் கொடுத்தார். கவருக்குள் ஒரு சீட்டு இருந்ததாம். சிஜோ போனில் வாசித்திருக்கிறான். மார்கிரெட் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்:

‘போகிற பிள்ளைக்கு. சேர்ந்த விவரத்தை முதலில் உன் வீட்டுக்கு எழுது. பிறகு நேரமிருந்தால் எனக்கும் எழுது. என் மகன் பெயர் மனு, வயது இருபத்தாறு, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு. இரண்டரை வருடமாகக் கடிதம் இல்லை. கண்டால் கண்டேன் என்று எழுது. காணாவிட்டால் காணவில்லை என்று எழுது. கிருஷ்ணன்குட்டி, கொல்லயில், பாறசாலை.’

எல்லாப் பையிலும் இதை வைத்தீர்களா? இரண்டு பேர் பையைத் திருப்பி அனுப்புகிறோம் என்கிறார்கள். அது போகட்டும். முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் உங்கள் மகனைக் காணவில்லை என்று சொன்னீர்கள். என்னிடம் மட்டும் மானேஜர் என்றீர்கள். நான் மூன்று தடவை கேட்டேனே, மாமா.

எனக்கு உள்ளதை எழுதுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம்.

லேகா


கொல்லயில்,
30-9-1999

லேகா மகளே,

உள்ளதை எழுதுகிறேன். பழக்கமில்லாததால் மெதுவாக வருகிறது.

உனக்கு அனுப்பிய மாதிரியைத் தவிர எல்லாப் பையிலும் வைத்தேன். எழுபது இருக்கும். கல்ஃப் என்றால் நெய்யாற்றின்கரை சந்தை மாதிரி ஓர் இடம், பத்துப் பேர் போனால் ஒருவர் கண்ணிலாவது படுவான் என்று நினைத்திருந்தேன். இருபத்து மூன்று பேர் பதில் எழுதினார்கள். அம்பூரியிலிருந்து மகளைப் பார்க்கப் போன ஒரு பெரியவர் சிகாகோவிலிருந்து எழுதியிருந்தார்: ‘சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே காற்று அதிகம். தங்கள் மகனைக் காணவில்லை.’

மனு முதல் வருடம் ஒழுங்காக எழுதினான். ஒரு ஸ்டோரில் வேலை என்று எழுதினான். மூட்டை தூக்குகிற வேலை. டீக்கடையில் நான் அதை ஸ்டோர் மானேஜர் ஆக்கினேன். அடுத்த வாரம் ஸ்டோரை விட்டுவிட்டேன், வெறும் மானேஜர். லீவுக்கு வருகிறேன் என்று எழுதினான். நான் கிளப்பில் சொல்லி வரவேற்பு ஏற்பாடு செய்தேன். ஜீப், மாலை, ‘மானேஜர் மனு’ என்று அச்சடித்த நோட்டீஸ். சந்தோஷப்படட்டும் என்று ஒரு நோட்டீஸை அவனுக்கும் அனுப்பினேன். அதன் பிறகு அவன் எழுதவில்லை. நான் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன.

போன வாரம் சிஜோவின் கடிதம் வந்தது. ஆளைக் கண்டுவிட்டானாம். மனு சலாலாவில் ஒரு லேபர் கேம்ப் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறான். என் சீட்டை வாசித்துவிட்டு மனு அவனிடம் சொன்னது இது, சிஜோ எழுதியபடியே எழுதுகிறேன்: ‘எலே, ஊருல போய் எறங்க வேண்டியது ஒரு மானேஜராக்கும். அந்த ஆளு இங்க இல்ல. பின்ன நான் எப்பிடிப் போவேன்?’

மாமியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். நூல் கோக்கவில்லை. சும்மா மிதித்துக்கொண்டிருந்தாள்.

நான் வேலாயுதன் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆள் இருந்தார்கள். ‘எனக்க மவன் மானேஜர் இல்ல. சலாலாவுல பாத்திரம் கழுவுதான்’ என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வேலாயுதன் கிளாசைக் கீழே வைத்தான்.

‘அது தெரியும் அண்ணா. எனக்க மச்சினன் அங்க வச்சுக் கண்டு ரெண்டு ஓணம் ஆச்சு.’

‘பின்ன ஏம்லே எங்கிட்ட சொல்லேல?’

‘நீங்க எப்பம் அண்ணா வாய மூடினீங்க, நாங்க சொல்லுததுக்கு?’

மகளே, எழுபது பை அனுப்பித் தேடியிருக்கிறேன். தினமும் இரண்டு வேளை டீ குடிக்கிற இடத்தில் அது இருந்திருக்கிறது.

சிஜோவுக்குப் பதில் எழுதினேன். டீக்கடையில் நான் சொன்னதையும் இங்கே எந்த மானேஜரையும் யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதையும் மனுவிடம் சொல்லச் சொன்னேன். மனுவுக்கும் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அதில் சீட்டு வைக்கவில்லை. தாளும் கவரும் மட்டும் வைத்தேன். இனி மற்றவர்கள் பையிலும் சீட்டு இருக்காது. உன் கடைக்கு என்னால் வந்த கெட்ட பெயருக்கு மன்னித்துக்கொள்.

கிருஷ்ணன்குட்டி


கொல்லயில்,
18-12-1999

அன்பு மகள் லேகாவுக்கு,

மாமன் எழுதுவது. நாங்கள் சுகம். கிறிஸ்துமஸ் ஆர்டர் பதினான்கு பையும் நேற்று அனுப்பியாயிற்று. மாமி ஒருத்திதான் தைத்தாள், ஒரு மெஷினில்.

மனுவின் கவர் வந்தது. நான் பையில் வைத்த அதே கவர். நம் வீட்டு முகவரி அவன் கையெழுத்தில் இருக்கிறது. மாமி கை கழுவிவிட்டு வந்து பிரித்தாள். உள்ளே நம் தாள் இருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். ஒன்றும் எழுதவில்லை.

வேலாயுதன் கடையில் கேட்டார்கள், மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று. போன வருடமானால் மூன்று பக்கம் வாசித்துக் காட்டியிருப்பேன். ‘ஒண்ணும் எழுதேல’ என்றேன்.

‘பின்ன எதுக்கு அண்ணா அனுப்பினான்?’

‘அட்ரஸ் எழுதியிருக்கான்’ என்றேன்.

வேலாயுதன் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான்.

தாளின் மடிப்பு தேய்ந்திருக்கிறது, எழுத நினைத்து அவன் பல தடவை பிரித்துப் பிரித்து மூடியிருக்க வேண்டும் என்று உனக்கு எழுதத் தொடங்கினேன். பேனாவை வைத்துவிட்டுத் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அப்படி இல்லை. புதுத் தாளாகவே இருக்கிறது. நான் மடித்த மடிப்புத்தான்.

தாளை மாமி கேட்டாள், கொடுத்துவிட்டேன். கவர் என்னிடம் இருக்கிறது. இன்று காலை சலாலாவுக்கு இன்னொரு தாளும் கவரும் அனுப்பினேன்.

இதில் கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை.

மாமன்,
கிருஷ்ணன்குட்டி