சிப்பாய் யார் கூப்பிட்டால் வருகிறான்

ஆகஸ்ட் 28, வியாழன்

கயல்விழி ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிற என் பேத்தி. ஹாஸ்டலுக்குப் பின்னால் மழையில் கிடந்ததாம். "அப்பாயி, ஒண்டியா இருக்கீங்க, துணைக்கு இருக்கட்டும்" என்றாள். துணை வேண்டுமென்று நான் யாரிடம் கேட்டேன்? திருச்சியிலிருக்கிற அவள் அப்பனிடம்கூடக் கேட்டதில்லை.

செவலை நிறம். வலது காது மட்டும் மடிந்து கிடக்கிறது. பெயர் நானே வைத்தேன் – சிப்பாய்.

பஸ் ஏறும்போது பேத்தி சொன்னாள்: "மொதல்ல பேருக்குத் திரும்பப் பழக்குங்க. பேரச் சொல்லணும், திரும்பிப் பாத்தா வாயில ஏதாச்சும் போடணும். அவ்ளோதான். தீபாவளிக்கு நானும் அப்பாவும் வரப்ப கூப்பிட்டுக் காட்டணும், சரியா?"

காட்டுகிறேன்.

அம்சம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஓர்ப்படியாள், கொழுந்தன் பெண்டாட்டி. அந்த மனுசனும் போய்விட்டார், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் மிச்சம். இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர், ஒரே வாசல். என் தலையெழுத்து.

ஆகஸ்ட் 30

நாற்பது தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. செருப்பைத் தின்றுவிட்டது.

செப்டம்பர் 2

இன்றைக்கு முதல் தடவையாகப் பெயருக்குத் திரும்பியது. அம்சம் கூப்பிட்டு!

வாசலில் உட்கார்ந்து கெண்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சிப்பாயி, வாடா ராசா" என்றாள், அவ்வளவுதான். உடம்பே ஆடுகிற மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போய் நின்றது. நான் வைத்த பெயர். என் நாய்.

"எக்கா, நல்லா புரிஞ்சுக்குது பாருங்களேன்."

"மீன் தலைக்கு ஊருல உள்ள அத்தன நாயும் வரும்டி" என்றேன்.

சிரித்தாள். சிரிக்கட்டும்.

செப்டம்பர் 3

நான் நாலாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் எழுதி வைத்துவிட்டால் நாளைக்கு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. இதை எழுதியே ஆக வேண்டும்.

எண்பதாம் வருசம், குறுவை நடவு. என் மகன் இளம்பரிதிக்குப் பத்து மாதம். அப்போது சொந்தத்துக்கு ஒரு குழி நிலம் கிடையாது, கூலி நடவுதான். அம்சம் புதுப்பெண், அந்த வருசம் அவளை வயலில் இறக்கவில்லை. பிள்ளையை அவளிடம் விட்டுப் போனேன். பொழுது சாய, பால் கட்டி மார் தெறிக்க ஓடி வந்து கையை நீட்டினால் – பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

"சேத்து வாடைக்கு மெரளுதுக்கா. குளிச்சிட்டு வாங்க."

குளித்துவிட்டு வந்தேன். அப்போதும் வரவில்லை. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் புடவை, பச்சைக் கரை.

அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. என் பிள்ளையை வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு நாலு நிமிசம்: மாத்திரை போட்டியாம்மா, மழை உண்டா, சரி வச்சிடறேன். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கும். அரை மணி நேரம் அம்சம் சிரிப்பது கேட்கும். அப்படி என்னதான் சொல்கிறான் அவளிடம்?

செப்டம்பர் 11

பொட்டுக்கடலை கொடுத்துப் பார்த்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் வந்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டேன், சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று.

செப்டம்பர் 19

அறுப்பு மிஷின் வந்து போனது. மூன்று மா வயலும் நேற்றே அறுத்து முடிந்தது. நெல் பச்சையாக இருக்கிறது. காயாமல் கொள்முதலுக்குக் கொண்டுபோக முடியாது. தார் ரோட்டில் பாதிக்குப் பரப்பி, ஓரமாகக் கல் வைத்து, கம்போடு உட்கார்ந்திருக்கிறேன். கோழி, ஆடு, காக்கா – அதற்கு மேல் இது. நெல்லைப் பார்த்தால் போதும், நடுவில் போய் முதுகைத் தேய்த்துப் புரளுகிறது.

"சிப்பாய்! ஏ சிப்பாய்! எறங்குடா ரோட்ட விட்டு! சிப்பாய்!"

தொண்டை கட்டிவிட்டது.

செப்டம்பர் 20

மேகம். நெல்லைக் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்ததும் மறுபடி பரப்பி, மறுபடி மூடி. முட்டி போய்விட்டது. சிப்பாய்க்கு இரண்டு அடி.

செப்டம்பர் 24

இப்போது பெயரைச் சொன்னாலே வாலை இடுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. பரவாயில்லை. கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

இப்பத்தான் நடந்துச்சு.

நெல்லு ஏத்த வந்த லாரி, ரிவர்ஸ்ல வந்துகிட்டிருக்கு. நான் சாக்கு வாயைத் தைச்சுகிட்டிருக்கேன். நிமிந்து பாத்தா சக்கரத்துக்குப் பின்னால நெழல்ல இது படுத்துக் கெடக்கு. டிரைவருக்குத் தெரியல. "சிப்பாய்! சிப்பாய்!" – கத்துறேன். எழுந்திரிச்சிட்டு. என்னைப் பாத்துட்டு. பாத்துட்டு – வாலை இடுக்கிகிட்டு லாரிக்கு அடியிலேயே இன்னும் உள்ள போவுது. நான் கத்தக் கத்த உள்ள போவுது.

அம்சம் எங்கிருந்து வந்தாளோ. ரோட்டு ஓரத்தில் குந்திக்கொண்டு, கத்தாமல், மீன் ஆயும்போது கூப்பிடுகிற அதே குரலில், "சிப்பாயி, வாடா ராசா" என்றாள். சக்கரத்துக்கு நாலு விரல் தள்ளி வெளியே வந்து அவள் மடியில் ஏறிவிட்டது.

ஒரு உயிர் பிழைத்தது. நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? நான் நினைத்தது – இதற்கும் அவள்தான் வேண்டியிருக்கிறது. பொய் எழுதக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

நாயை என் கையில் கொடுக்கும்போது சொன்னாள்: "எக்கா, பேரச் சொன்னாலே அடிதான்னு நெனைக்குது அது. நீங்க கூப்பிடுற கூப்பாட்டுக்கு எந்தப் பிள்ளதான் வரும்?"

எந்த நாய் என்று சொல்லவில்லை. எந்தப் பிள்ளை என்றாள். அவள் என்ன சொன்னாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செப்டம்பர் 30

அம்சத்தோடு பேச்சில்லை. ரசம் கொடுத்தனுப்பினாள். வாழைக்கு ஊற்றினேன்.

அக்டோபர் 3

பேச்சில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பேத்தி போன் செய்தாள். நடந்ததைச் சொல்லாமல், பெயர் சொன்னால் ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். "ஏன், பேரச் சொல்லித் திட்டினீங்களா?" என்றாள். நெல் காயப்போட்டதைச் சொன்னேன்.

"பேரு கெட்டுப்போச்சு அப்பாயி. வேற பேரு வச்சுப் புதுசா ஆரம்பிங்க, அதுதான் லேசு."

மாற்ற மாட்டேன் என்றேன். பெயர் என்ன தப்பு செய்தது?

மத்தியானம் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு மறதி கிடையாது. 1983இல் ஒரு சாவு வீட்டில் யார் என்னைப் பார்க்காத மாதிரி போனார்கள் என்று வரிசையாகச் சொல்வேன். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு, மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையெல்லாம் தேடினேன்.

பரிதீ – மாடு அவிழ்ந்துவிட்டது, எங்கே தொலைந்தாய். பரிதீ – கணக்கில் முப்பத்தொரு மார்க்கு, புளிய விளாரால் நாலு அடி. பரிதீ – அடுப்புக்கு விறகு எங்கே. பரிதீ, வாய்க்காலில் தண்ணீர் முட்ட முட்டப் போகிறது, உள்ளே குதித்திருக்கிறான். கரையில் நின்று கத்துகிறேன். பயத்தில்தான் கத்தினேன், அது சத்தியம். ஆனால் கையில் கம்பு இருந்தது. என்னைப் பார்த்தான். மறு கரையில் ஏறி ஓடிவிட்டான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்சம் வீட்டிலிருந்து வந்தான், தலை துவட்டி, சாப்பிட்டுவிட்டு. அன்றைக்கும் அவளைத்தான் வைதேன்.

சும்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் ஒன்றைக் கொடுத்தது – ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உண்டா என்று தேடினேன்.

டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது.

அக்டோபர் 6

முதலிலிருந்து ஆரம்பம். கருவாட்டைச் சுட்டுச் சின்னச் சின்னதாகப் பிய்த்து முந்தியில் முடிந்துகொண்டேன். பெயர் சொன்னால் கருவாடு. வேறு எதற்கும் பெயர் கிடையாது. வைய வேண்டுமென்றால் "ஏய்" போதும்.

பெயரைச் சொன்னதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கருவாட்டை அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அக்டோபர் 9

கட்டிலடியிலிருந்து மூக்கு மட்டும் வந்தது.

அக்டோபர் 12

வந்தது. வாங்கிக்கொண்டு ஓடிவிட்டது. வாங்கும்போது அதன் மீசை விரலில் பட்டது.

அக்டோபர் 14

அம்சம் ஒரு வாரமாக நாய்க்கு மீன் தலை போடுவதில்லை. அது அவள் வாசற்படியில் போய் நின்றாலும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இன்று என்னிடம் அவளாகவே பேசினாள்: "பல்லு வலிக்கா, மீனே வாங்கல."

பொய். நேற்று அவள் வீட்டில் கெண்டைக் குழம்பு. வாடைக்குச் சுவர் ஏது?

விட்டுக்கொடுக்கிறாளாம். எனக்கு! யார் கேட்டது? வேண்டாமென்று சொல்லவும் வாய் வரவில்லை. நாய் இன்று நாலு தடவை வந்ததே.

"கிராம்பு வச்சுக் கடி" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 17

மழை. சிப்பாய் கட்டிலடியில். கருவாடு இல்லாமலே பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வால் தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அக்டோபர் 20, தீபாவளி

காலை பஸ்ஸில் இரண்டு பேரும் வந்தார்கள். பரிதி செருப்பை அம்சம் வாசற்படியில்தான் கழற்றினான். "சின்னம்மா, என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே அங்கே நுழைந்தான். எதிர்பார்த்ததுதான். எரிந்ததும் வழக்கம்போல்தான்.

கயல்விழி என் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்க, கூப்பிடுங்க அப்பாயி."

நான் அதிரசத் தட்டோடு நின்றேன். வாயைத் திறந்தேன். வந்தது வேறு பெயர்.

"பரிதி."

உடனே வெளியே வந்துவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக. நாற்பத்தாறு வயது, காதோரம் நரை, அந்த முகத்தில் அதே முழி – எதைச் செய்யாமல் விட்டோம் என்று தேடுகிற முழி.

"என்னம்மா? என்ன ஆச்சு? வாசல் கேட்ட நான் தொறந்து விடலம்மா."

"ஒண்ணுமில்ல. இந்தா."

அதிரசத்தை வாங்கிக்கொண்டான். என்னைப் பார்த்தான், அதைப் பார்த்தான். வேறு ஏதோ வரப்போகிறது என்று கொஞ்ச நேரம் நின்றான். வரவில்லை. பிறகு கடித்தான். தின்று முடிக்கிற வரை என் பக்கத்திலேயே நின்றான்.

"இன்னொண்ணு இருக்காம்மா?"

அப்புறம்தான் நாயைக் கூப்பிட்டேன், மெதுவாக. மடிந்த காது மேலே எழுந்து விழ, வாசலைத் தாண்டி ஓடி வந்து என் காலடியில் உட்கார்ந்தது. பேத்தி கை தட்டினாள். அம்சம் கூப்பிட்டிருந்தால் இன்னும் வேகமாக வந்திருக்கும், அதையும் எழுதிவைக்கிறேன். அவள் தன் வாசற்படியில் நின்று, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் வலி போய்விட்டது போலிருக்கிறது.

அவளுக்கும் இரண்டு அதிரசம் கொடுத்தனுப்பினேன். சின்னதாகப் பார்த்து.